ஸ்ட்ராபெரிப் பாத்திக்குத் துணைப்பயிர் தெரிந்தெடுத்தல்

பழனி மலைத்தொடரின் மேல்மலைக் கிராமங்களாகிய பூம்பாறை, மன்னவனூர் முதலிய இடங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் நெடுங்காலமாகப் பயிராகி வருகின்றன. அவ்விதக் குளிர்ந்த சீதோஷ்ணமுள்ள மலை நிலங்களில் ஸ்ட்ராபெரியும் செவ்வையாக வளரும். ஆயினும் இது நாற்றுச் செலவும் ஆட்செலவும் மிகுந்த பயிர். பாத்தி பழுதானால் போட்ட முதல் முழுவதும் நஷ்டமாகும். ஆகையால் இப்பயிரின் பக்கத்தில் எதை நடலாம், எதை நடலாகாது, இதற்கு முன் அந்நிலத்தில் என்ன விளைந்தது என்னும் மூன்று விஷயங்களையும் நாற்று வாங்குவதற்கு முன்பே ஆலோசித்தல் அவசியமாகும்.

பயிரின் சுபாவம்

ஸ்ட்ராபெரியின் வேர்களில் பெரும்பாகம் மேல்மண்ணில் சுமார் அரை அடி ஆழத்திற்குள்ளேயே பரவியிருக்கும். ஈரம் சற்றுக் குறைந்தாலும் செடி வாடும். நீர் தேங்கினாலோ அழுகும். பழத்திற்கு வெயில் வேண்டும். ஆதலால் துணைப்பயிரானது நிழல் கொடுக்காமலும், மேல்மண்ணின் ஈரத்திற்குப் போட்டியிடாமலும், பிடுங்கும்போது பக்கத்து வேரை அறுக்காமலும், ஸ்ட்ராபெரிக்கு வரும் நோய்க்கும் பூச்சிக்கும் இருப்பிடமாகாமலும் இருக்க வேண்டும். இந்நான்கினுள் கடைசியாகச் சொன்னதே முதன்மையானது.

விலக்க வேண்டியவை

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெர்ட்டிசிலியம் என்னும் வாடல்நோய்ப் பூசணம் இவற்றையும் பற்றும், ஸ்ட்ராபெரியையும் பற்றும். இப்பூசணத்தின் நுண்ணிய கரிய வித்துக்கள் பயிரில்லாத நிலத்திலும் பத்து வருஷத்திற்கு மேல் உயிரோடு கிடக்கக்கூடும். நோய் கண்ட செடியில் வெளிப்புறத்து முதிர்ந்த இலைகள் முதலில் ஓரம் கருகி வாடும். நடுக்குருத்து மட்டும் சில காலம் பசுமையாக நிற்கும். பெரும்பாலும் காய் பிடிக்கும் சமயத்தில்தான் இது வெளிப்படும். அதற்குள் செலவு முழுவதும் ஆகிவிட்டிருக்கும். நோய் கண்ட செடியைக் குணமாக்கும் மருந்தும் இல்லை.

எனவே இப்பயிர்களைப் பக்கத்தில் நடாமல் விடுவது மட்டும் போதாது. இவை விளைந்த நிலத்தில் குறைந்தது 4 வருஷமாவது கோதுமை, மக்காச்சோளம் முதலிய புல்லினப் பயிர்களை மாற்றி வைத்த பின்பே ஸ்ட்ராபெரி நடுதல் நலம். அந்நிலத்தில் முன்பே வாடல்நோய் கண்டிருந்தால் வேறு நிலம் பார்ப்பதே உத்தமம்.

பீன்ஸ் மண்ணுக்கு உரமூட்டும் என்று கருதி ஸ்ட்ராபெரிக்கு இடையே விதைப்போர் உண்டு. அந்த உரம் பெரும்பாலும் வேர் மக்கிய பின்பே அடுத்த பயிருக்குக் கிட்டும். மேலும், ஸ்ட்ராபெரி இலையின் சாற்றை உறிஞ்சும் இருபுள்ளிச் சிலந்திப்பேன் பீன்ஸிலும் செழித்துப் பெருகும். கொடிபீன்ஸோ நிழலும் தரும். ஆகையால் அது துணைப்பயிராகாது.

ஏற்ற துணைப்பயிர்கள்

பூண்டு: கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. விதைப்பூண்டும் சாகுபடிப் பழக்கமும் மேல்மலைக் குடியானவர்களிடம் ஏற்கெனவே உண்டு. பூண்டு குறைந்த இடத்தில் நிமிர்ந்து வளரும், நிழல் தராது. ஸ்ட்ராபெரி வரிசைகளுக்கிடையே பூண்டு நட்டபோது சிலந்திப்பேன் குறைந்ததாகப் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியொன்று 2016-ல் தெரிவித்தது. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. பூண்டு முற்றும் தருணத்தில் நீரை நிறுத்த வேண்டும். ஸ்ட்ராபெரிக்கோ நீர் விடாமல் வேண்டும். இதனால் பூண்டைப் பாத்தியின் நடுவில் நடாமல் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வரிசையாக, பல்லுக்குப் பல் 4 அங்குலம் விட்டு ஊன்றுக. ஸ்ட்ராபெரிச் செடிகளை ஓர் அடி இடைவெளியில், குருத்து மண்ணில் புதையாதபடி நடுக. பூண்டை எடுக்கையில் வெளிப்புறமாக மண்ணைத் தளர்த்தி எடுத்தால் வேர் அறுபடாது.

கொத்தமல்லி: ஒவ்வொரு ஸ்ட்ராபெரிப் பூவிலும் சூல்கள் பல உள. மகரந்தம் சேராத சூல்களைச் சுற்றிய சதை பருக்காமல் பழம் கோணிப்போகும். அதற்குச் சந்தையில் விலையில்லை. ஆகையால் பூச்சிகளின் வருகை வேண்டும். பாத்தியின் தலைமாட்டில் சிறிது கொத்தமல்லியைப் பூக்கவிட்டால் தேனீக்களும் பூ ஈக்களும் அவ்விடம் நாடிவரும். பூ ஈயின் புழுக்கள் அசுவினியைத் தின்னும் என்பது மற்றொரு லாபம்.

செண்டுமல்லி: இது வேரைத் தாக்கும் நூற்புழுக்களை அடக்கும் என்பது உண்மையே. ஆனால் அங்கங்கே நாலைந்து செடி வைப்பதால் அப்பலன் கிட்டாது. ஸ்ட்ராபெரிக்கு முன், நிலம் முழுவதும் நெருக்கமாக மூன்று நான்கு மாதம் வளர்த்து உழுதுவிட வேண்டும்.

நிலத்தின் பூர்வோத்தரம் அறிதல்

சொந்த நிலமாயின் முன்பயிர் நினைவிலிருக்கும். குத்தகைக்கு எடுப்பவருக்கு அது தெரியாது. நிலம் கொடுப்பவரும் சொல்லாமல் விடக்கூடும். இதற்குக் கிராமத்திலேயே சாதனம் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் எழுதிவரும் அடங்கலில் ஒவ்வொரு சர்வே எண்ணிலும் ஒவ்வொரு பசலியிலும் விளைந்த பயிர் பதிவாகிறது. குத்தகை பேசுமுன் முந்திய 4, 5 பசலிகளின் அடங்கலைப் பார்த்து, உருளைக்கிழங்கு எப்போது விளைந்தது என்று அறிந்துகொள்க. கிராம உத்தியோகஸ்தர்களும் நிலத்தை நேரில் பார்த்து, உட்பிரிவு வாரியாகப் பயிரின் பெயரைப் பிழையின்றி எழுதுவார்களாயின், அந்த ஒரு வரியே ஒரு குடியானவரின் முதலைக் காப்பாற்றும்.

சுருங்கச் சொன்னால், முன்பயிரை விசாரித்து நிலம் தேர்க. ஓரத்தில் பூண்டும் தலைமாட்டில் கொத்தமல்லியும் வைக்க. உருளைக்கிழங்கின் இனத்தை அண்டவிடாதிருக்க. முதல் வருஷம் சில சென்ட் நிலத்தில் மட்டும் நட்டுப் பார்த்து, பலன் கண்டபின் விஸ்தரிப்பது புத்திசாலித்தனமாகும்.