ஃப்ளாக்காக மாற்றினால் தெளிவு வராது

"அண்ணாச்சி, இந்த எம்பி3-ஐ ஃப்ளாக்கா மாத்திக் குடுங்க, கணீர்னு கேக்கும்லா?" தென்காசி, செங்கோட்டை, பாவூர்சத்திரம் பக்கமிருந்து கோயில் கொடைப் பதிவுகளோடு வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்காது. ஒருநாளும் கேட்காது. சொல்லி அலுத்துவிட்டது. ஆனால் இதற்கும் காசு வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுக்கிற கடைகள் இருக்கிறவரை சொல்லாமல் இருக்க முடியாது.

எம்பி3 வெட்டிச் சுருக்கும் முறை. உரத்த ஒலியின் மறைவில் எது காதில் விழாது என்று கணக்குப் போட்டு, அந்த நுணுக்கத்தை எறிந்துவிடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு நம் ஊர்களில் வில்லுப்பாட்டுக் கேசட்டுகளை 128 கிலோபிட்டில் சுருக்கி, ராத்திரி முழுக்க நடந்த கொடையை ஒரே சிடியில் அடைத்தார்கள். முதலில் அடிபட்டவை வில்லில் கட்டிய மணிகளும் ஜால்ராவும். வீசுகோல் பட்டதும் சட்டென்று எழ வேண்டிய ஓசை மழுங்கும். அதற்கு ஒரு கணம் முன்பே மெல்லிய இரைச்சல் கசியும். கணியான் கூத்தில் அடிக்கிற மகுடப் பறைக்கும் இதே கதிதான்.

எறிந்தது எறிந்ததுதான். ஃப்ளாக் 2001-இல் வந்த நல்ல முறை. கொடுத்ததில் ஒரு துளியும் இழக்காது. கொடுக்காததை அது எங்கிருந்து கொண்டுவரும்? கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் என்றால், 128 கிலோபிட் எம்பி3-ஆக அது சுமார் 43 மெகாபைட். அதையே சிடி தரத்தில், சுருக்காத வேவ் கோப்பாக்கினால் 475 மெகாபைட்டைத் தாண்டும். கோப்பு வீங்கியதைப் பார்த்துத் தெளிவு கூடிவிட்டதாக நம்புகிறார்கள். சந்தேகமிருந்தால் இலவசமாகக் கிடைக்கிற ஆடாசிட்டியில் பழைய எம்பி3-ஐயும் புதிய ஃப்ளாக்கையும் நேருக்கு நேர் வைத்து, ஒன்றை மட்டும் 'இன்வர்ட்' செய்து கலந்து பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காதில் விழும்படி எதுவும் மிஞ்சாது. இரண்டும் ஒன்றே என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மற்றவை சில்லறை வதந்திகள். எம்பி3 காலாவதியாகிவிட்டதாம், இனி எதிலும் ஓடாதாம். 2017-இல் முடிந்தது அதன் காப்புரிமை உரிமத் திட்டம் மட்டுமே. எல்லா போனிலும் ஓடுகிறது. எம்பி3-ஐ, அதைப்போலவே வெட்டிச் சுருக்கும் புதிய ஓபஸுக்கு மாற்றினால் மேம்படும் என்பதும் பொய். வெட்டியதையே மறுபடி வெட்டுவீர்கள். நகலெடுக்க நகலெடுக்கத் தேயும் என்கிற பயம் கேசட்டோடு போயிற்று. பழைய போனில் ஏஎம்ஆர் முறையில் பதிந்த ஒப்பாரிகளையும் எதற்கு மாற்றியும் தேற்ற முடியாது. அந்த முறை பேச்சுக்கானது. சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பதியவே இல்லை.

தெளிவு வேண்டுமென்றால் கேசட்டைத் தேடுங்கள். கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ கிடக்கும். டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்து, பக்கத்திலிருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருப்பி அதன் சாய்வைச் சரிசெய்தாலே, மங்கலாகக் கேட்ட ஜால்ரா எழுந்துவரும். அதன்பின் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் நேராகப் பதிந்து ஃப்ளாக்காக வையுங்கள். உலக ஒலிக் காப்பகங்களின் சங்கமும் பதிவுக்குக் கேட்கிற குறைந்தபட்சம் அதுதான். குற்றாலத்துச் சாரலும் ஈரக்காற்றும் டேப்பில் பூஞ்சை பிடிக்க வைக்கும். பூஞ்சை பிடித்ததை அப்படியே ஓடவிடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஆனி, ஆடிக்கு முன்பே இந்த வேலையை முடியுங்கள். மாற்றியாயிற்று என்று கேசட்டைக் குப்பையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று, என்னிடம் வருகிற கேசட்டுகளில் பாதிக்கு மேல் உறையில் ஓர் எழுத்துகூட இருப்பதில்லை. பாடியது யார், குடம் அடித்தது யார், எந்த ஊர், சுடலைமாடனுக்கா முத்தாரம்மனுக்கா, எந்த வருஷத்துக் கொடை? கேட்டால் தாத்தாவுக்குத்தான் தெரியும் என்கிறார்கள். தாத்தா இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேசட்டை ஓடவிடுங்கள். அவர் சொல்வதை உறையில் எழுதுங்கள், கோப்பின் பெயரிலும் எழுதுங்கள்.