எங்களுக்கென்று ஒரு நாள்



பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்புகிற நேரம். மலையகத்தில் இருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்து அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். "ஐயா, தீபாவளி வருது, பொங்கல் வருது, கோயில் திருவிழா வருது. எல்லாம் யாரோ வச்சுக் குடுத்த நாளு. நாங்களா ஒரு நாளை வச்சுக் கொண்டாடினா அது செல்லுமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று பட்டது. இந்த இதழின் பாடம் அதற்கான பதில்தான்.

செல்லும். நாட்காட்டியில் சிவப்பாக அச்சடித்திருக்கிற நாளெல்லாம் வானத்தில் இருந்து விழுந்தவை அல்ல. எந்த நாளையும் யாரோ சில பேர் கூடித்தான் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் தொடங்கிய நாளெல்லாம் நிலைக்கவில்லை. எது நிலைக்கிறது, எது போய்விடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது ஆடிப்பிறப்பு. ஆடி முதலாம் நாள், அதாவது ஜூலை 16 அல்லது 17. மலையகத்தில் ஆடி என்றால் மழையும் காற்றும், கையில் காசில்லாத மாதம் என்போம். இங்கே அந்த மாதம் பிறக்கிற நாளே கொண்டாட்டம். பச்சரிசி மாவு, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, பல்லில் கடிபட கொஞ்சம் தேங்காய்ச் சொட்டு, இவ்வளவும் போட்டுக் கூழ் காய்ச்சுவார்கள். கொழுக்கட்டையும் அவிப்பார்கள். பலாவிலையைக் கோலி அதில் கூழை ஊற்றிக் குடிப்பார்கள். புதுச் சட்டை தேவையில்லை, வெடி தேவையில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்கு ஒரு செம்பு கூழ் போகும், அங்கேயிருந்து நாலு கொழுக்கட்டை வரும்.

இது பழைய வழக்கம். ஆனால் இதைப் பிள்ளைகளின் நாளாக ஆக்கியதில் நவாலியூர் சோமசுந்தரப் புலவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1878 இல் பிறந்து 1953 இல் மறைந்த இவரைத் தங்கத் தாத்தா என்று சொல்வார்கள். ஆடிப்பிறப்பைப் பற்றி அவர் பிள்ளைகளுக்காக ஒரு பாட்டு எழுதினார். அது பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஏறியது. பாட்டுத் தெரிந்த பிள்ளை கூழ் கேட்கும். பிள்ளை கேட்டால் அம்மா காய்ச்சத்தான் வேண்டும்! இன்றைக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற யாழ்ப்பாணத்தவர் வீடுகளிலும் அன்றைக்குக் கூழ் காய்ச்சுகிறார்கள்.

இரண்டாவது, வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா. பொங்கல் பழைய நாள். அந்தப் பழைய நாளுக்குள்ளேயே ஒரு புது நாளை இந்த ஊரார் வைத்திருக்கிறார்கள். காலையில் பொங்கிப் படைத்து, பின்னேரம் எல்லோரும் உதயசூரியன் கடற்கரைக்குப் போவார்கள். இது காற்றோடு பழகின ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மார்கழி, தை மாதத்து வாடைக்காற்றுக்குப் பட்டம் விடுவது குடாநாடு முழுக்க உள்ள பழக்கம்தான். கொக்குப் பட்டம், எட்டுமூலை, பிராந்து என்று பல வகை. விண் பூட்டி விட்டால் இரவு முழுக்க ஆகாயத்தில் ஊளையிட்டுக்கொண்டு நிற்கும். வல்வெட்டித்துறையில் இதையே ஒரு போட்டியாக, ஒரு நாளாக ஆக்கினார்கள். கப்பல், விலங்கு, பறவை, கை கால் அசைக்கிற உருவம் என்று என்னென்னவோ பறக்கும். ஒரு பட்டம் கட்ட வாரக் கணக்கில் வேலை இருக்கும். ஒருவர் மூங்கில் சீவுவார், ஒருவர் பசை காய்ச்சுவார், முச்சை கட்டத் தெரிந்த பெரியவரைத் தேடிப் போவார்கள், சின்னப் பிள்ளைகள் நூல் பிடிப்பார்கள். சண்டைக் காலத்தில் கடற்கரையில் காலாற நடப்பதற்கே பயந்து கிடந்த ஊர் அது. 2009 இல் சண்டை முடிந்த பிறகு இந்த விழா பெரிதாக வளர்ந்து, இப்போது வெளியூர்ச் சனமும் ஆயிரக்கணக்கில் வருகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஒன்றை விட்டபோது கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவரைப் பட்டம் அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம். பெரிய பட்டம் என்றால் கயிற்றை முதலில் மரத்திலோ கட்டையிலோ கட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

இந்த இரண்டு நாளிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வந்தவர் எவரும் சும்மா நிற்கவில்லை. மாவு இடிக்க, பனங்கட்டி உடைக்க, பசை காய்ச்ச, நூல் பிடிக்க என்று எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. செலவும் கைக்கு அடங்கியது.

இனி வெளிநாட்டுக் கதை ஒன்று. அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்று ஒரு பெண். அவருடைய தாயார் 1905 இல் இறந்தார். தாயாரை நினைத்து 1908 மே மாதம் கிராப்டன் என்ற ஊர்த் தேவாலயத்தில் ஒரு வழிபாடு ஏற்பாடு செய்து, தாயாருக்குப் பிடித்த வெள்ளைப் பூக்களை அங்கே அனுப்பி வைத்தார். ஒரு மகள் தன் தாய்க்காக வைத்த நாள். 1914 இல் அமெரிக்க ஜனாதிபதி அதை நாடு முழுவதற்கும் அன்னையர் தினமாக அறிவித்தார். அதற்குப் பிறகு பூக்கடைக்காரரும் வாழ்த்து அட்டைக்காரரும் அந்த நாளைப் பிடித்துக்கொண்டார்கள். அன்னா ஜார்விஸ் தான் உண்டாக்கிய நாளுக்கு எதிராகவே வழக்குப் போட்டு, சண்டை பிடித்து, கையில் காசில்லாமல் 1948 இல் ஒரு மருத்துவ விடுதியில் செத்துப்போனார்.

நம்முடைய தேயிலைக்கும் ஒரு கதை உண்டு. டிசம்பர் 15 ஐத் தேயிலை தினமாக 2005 இல் தொடங்கியவர்கள் தொழிற்சங்கக்காரர்களும் சிறு தேயிலை உற்பத்தியாளர்களும். புதுடில்லியில் முதலில் நடத்தினார்கள். கொழுந்து பறிக்கிறவரின் சம்பளத்தையும் உரிமையையும் பேசத்தான் அந்த நாள். 2019 இல் ஐக்கிய நாடுகள் சபை மே 21 ஐச் சர்வதேச தேயிலை தினமாக அறிவித்தது. இப்போது கடையிலும் ஹோட்டலிலும் அதிகம் பேசப்படுவது மே 21 தான். டிசம்பர் 15 என்றால் என்ன நாள் என்று உங்கள் டிவிசனில் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள்.

நல்லபடி நின்ற நாளும் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் முரசு பத்திரிகை நடத்திய கோ. சாரங்கபாணி 1952 இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். பொங்கலை ஒட்டி வைத்தார். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பாராமல், சாதி பாராமல் தமிழ் பேசுகிற எல்லோரும் ஒன்றாக உட்கார ஒரு நாள் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அதற்கு முன்னே பீலியில் இருந்து குடத்தில் தூக்கினார்கள். தண்ணீர் வந்த நாளை அடுத்த வருசம் கொண்டாடினோம். வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி. தொட்டியடியில் ஒரே பானையில் பொங்கினார்கள். ஒரு பாட்டி, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதும் குடம் தூக்கிய கதையைச் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

இரண்டாம் வருசம் கமிட்டி போட்டோம். லவுட்ஸ்பீக்கர், மேடை, பனியன். வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய். கட்டாதவர் பேரை எழுதிப் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். ஒழுங்கு வரும் என்று நினைத்தேன். அன்றைக்கு ஏழு வீடு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. கதை சொன்ன பாட்டியின் வீடும் அதில் ஒன்று. மூன்றாம் வருசம் அந்த நாள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

நமக்குக் கொண்டாட்டம் என்றாலே முற்பணம் என்று ஆகிவிட்டது. தீபாவளி ஒரு நாளில் முடிந்துவிடும், சம்பளத்தில் கழிப்பது மாதக் கணக்கில் போகும். அதனால் நாங்களாக வைக்கிற நாளுக்கு முற்பணம் வாங்கக் கூடாது, வட்டிக்கு வாங்கக் கூடாது, அடகுக் கடைப் படி ஏறக் கூடாது. சம்பள நாளுக்குக் கிட்டவும் வைக்க வேண்டாம். கிட்ட வைத்தால் சாராயம் வந்து உட்கார்ந்துவிடும். காசாக வாங்காமல் அரிசியாக, தேங்காயாக, விறகாக வாங்குங்கள். இல்லாதவர் வந்து மாவு இடிக்கட்டும், அதுவும் பங்குதான். யார் என்ன தந்தார் என்று எழுதி வைக்காதீர்கள். நானே கணக்கு எழுதுகிற ஆள், ஆனாலும் சொல்கிறேன்.

எந்த நாளை வைப்பது? பெரிய விசயமாகத் தேட வேண்டாம். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இல்லாமல் போனவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை தந்தது. உங்கள் வீட்டுக்கு அந்தக் கடதாசி வந்த நாள் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? லயத்தை விட்டுத் தனி வீட்டில் முதல் முதலாக உலை வைத்த நாள்? வீட்டில் முதல் பிள்ளை சாதாரண தரம் பாஸ் பண்ணின நாள்? ஒரு வீட்டு நாளாகத் தொடங்கி, பக்கத்து நாலு வீட்டைக் கூப்பிட்டாலே போதும். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதை வாசித்து, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு நாள் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். வயசானவர்களை முதலில் பேச விடுங்கள்.

கேள்வி கேட்ட அந்த அக்காவை மறுபடி கண்டேன். "நீங்க எந்த நாளை வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன். சண்டையில் இந்தப் பக்கத்துத் தென்னையெல்லாம் தலை போய் மொட்டையாக நின்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வந்து குடியேறியபோது அவர் வாசலில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தாராம். அது முதல் பாளை விட்ட நாளாம்.

"தேதி தெரியாதுங்க ஐயா. புரட்டாசின்னு மட்டும் தெரியும். அதனால புரட்டாசி மொத ஞாயிறுன்னு வச்சிருக்கோம்."

பொங்கலா கூழா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா கூழ்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறாராம்.