பரிமாற்றகமும் பதிவும்: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

கடன் சங்கத்தை ‘நாணயச் சங்கம்’ என்று நம் முன்னோர் அழைத்து வந்தனர். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல் வழங்குவது தமிழின் சிறப்பு. 1904-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, ஒரு சங்கத்தின் நாணயத்தை அறிய அங்கத்தினர்களுக்கு வழிகள் உண்டு. பதிவாளரிடம் பதிவு இருக்கும். தணிக்கை அறிக்கை இருக்கும். மகாசபையில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையும் இருக்கும். இந்நாளில் ‘கிரிப்டோ நாணயம்’ என்னும் வேறொரு நாணயம் கைப்பேசி வழியாக நம் வீடுகளுக்குள் புகுந்துள்ளது. அதனை வாங்கவும் விற்கவும் இடமாக இருப்பவை எக்ஸ்சேஞ்ச் என்று வழங்கும் பரிமாற்றகங்கள். ஒரு பரிமாற்றகம் நம் நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டதா என்று கண்டறியும் முறையை இங்கே விளக்க முற்படுகிறோம்.

சென்ற மாதம் நம் அங்கத்தினர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு சங்க அலுவலகத்திற்கு வந்தார். தறிக்கு ஜக்கார்டு பெட்டி வாங்குவதற்கென்று இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த முப்பத்தெட்டாயிரம் ரூபாயை, மகன் ஓர் அயல்நாட்டுப் பரிமாற்றகத்தில் போட்டிருந்தான். தந்தைக்குக் கோபம், அதைவிட அச்சம் மிகுதி. மகனோ, “செயலி கைப்பேசிக் கடையிலேயே கிடைக்கிறதே, ஐயா. நம் ரூபாயை ஏற்கிறது, தமிழில்கூடப் பேசுகிறது. தடை செய்யப்பட்டதாயின் கிடைக்குமா?” என்று கேட்டான். கேள்வி நியாயமானதே. பலரும் இவ்விடத்தில்தான் இடறி விழுகின்றனர்.

கிடைப்பது வேறு, சட்டத்திற்கு உட்பட்டிருப்பது வேறு. சந்தையில் ஒருவன் தராசுடன் உட்கார்ந்திருக்கிறான் என்பதனால் அவனுடைய படிக்கல்லில் முத்திரை உண்டு என்று நாம் கொள்வதில்லை. கல்லைத் திருப்பிப் பார்க்கிறோம். இங்கும் அதுவே செய்யத் தக்கது.

நம் நாட்டின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, இவ்வியாபாரத்தில் ஈடுபடுவோர்க்கு வங்கிகள் சேவை செய்யலாகாது என்று சுற்றறிக்கை விடுத்தது. 2020 மார்ச் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கித் தீர்ப்பளித்தது. சுற்றறிக்கை நீங்கியதனால் கிரிப்டோ சட்டப்படி செல்லுபடியாகும் பணமாகிவிட்டது என்று சிலர் பேசுகின்றனர், அது பிழை. 2022 ஏப்ரல் 1 முதல் இதில் வரும் இலாபத்திற்கு நூற்றுக்கு முப்பது வீதம் வருமான வரி விதிக்கப்பட்டது. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் இடமில்லை. வரி வாங்குவதாலேயே சர்க்கார் ஒன்றுக்கு உத்தரவாதம் தந்துவிட்டதாகக் கருதலாகாது.

பதிவு என்ற கடமை 2023 மார்ச் 7-ஆம் நாள் அறிவிப்பால் வந்தது. அதன்படி பரிமாற்றகங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இந்தியருக்குச் சேவை செய்யும் நிறுவனம், அதன் அலுவலகம் எந்நாட்டில் இருப்பினும், மத்திய நிதியமைச்சகத்தைச் சார்ந்த நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் இன்னார் என்று உறுதி செய்து, கணக்குகளைப் பாதுகாத்து, ஐயத்திற்குரிய பரிமாற்றங்களைத் தெரிவிக்கவும் வேண்டும்.

இதனைப் பொருட்படுத்தாத ஒன்பது அயல்நாட்டு நிறுவனங்களுக்கு 2023 டிசம்பர் 28-ஆம் நாள் விளக்கம் கோரி அறிவிப்புகள் சென்றன. பைனான்ஸ், குகாயின், கிராக்கன், பிட்ஃபினெக்ஸ் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். 2024 ஜனவரியில் அவற்றின் இணையதளங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. செயலிகளும் கடைகளிலிருந்து மறைந்தன. முந்தின நாள் வரை அவை யாவும் தாராளமாகக் கிடைத்தவைதாம்! அந்த இளைஞனுடைய வாதத்திற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை. பின்னர் அதே ஆண்டில் குகாயின் 34.5 லட்சம் ரூபாயும், பைனான்ஸ் 18.82 கோடி ரூபாயும் அபராதத்திற்கு உள்ளாயின. இரண்டும் பதிவு பெற்று மீண்டும் இயங்கத் தொடங்கின. ஆகவே ஒரு பரிமாற்றகத்தின் நிலையை ஒருமுறை விசாரித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது போதாது. பணம் கட்டும் நாளில் நிலை என்ன என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பது எவ்வாறு? பரிமாற்றகத்தின் ஒப்பந்த விதிகளைத் திறந்து, நம்முடன் உடன்படிக்கை செய்வது எந்தக் கம்பெனி, அது எந்நாட்டில் பதிவானது, வழக்கு நேர்ந்தால் எந்நாட்டு நீதிமன்றம் என்ற மூன்றையும் தேடி எடுக்க வேண்டும். விதிகள் நீளமானவை, படிப்பவரைச் சலிக்கச் செய்வதற்கென்றே எழுதப்பட்டனவோ என்றும் தோன்றும். எனினும் இம்மூன்றும் எங்கேனும் இருக்கும். இல்லையாயின் அதுவே விடை. சேவை அளிக்கப்படாத நாடுகளின் பட்டியலும் அங்கேயே இருப்பதுண்டு. அதில் இந்தியா இருக்கிறதா என்றும் நோக்குக. இந்தியக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் ஏட்டில் அப்பெயரை இணையத்தில் தேடலாம். நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு உண்டு என்றால் பதிவு விவரத்தைக் கேட்டு வாங்கி, அப்பிரிவின் அறிவிப்புகளோடு ஒப்பிடுக. பரிமாற்றகமே அனுப்பும் இணைப்பின் வழியாகச் செல்லாமல், சர்க்கார் தளத்தின் முகவரியை நாமே தட்டெழுதிச் செல்ல வேண்டும். போலித் தளங்கள் மலிந்துவிட்டன.

“எங்களுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டு, செபியின் உரிமம் உண்டு” என்று ஒரு கிரிப்டோ பரிமாற்றகம் விளம்பரம் செய்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டுவதே இல்லை. இவ்வியாபாரத்திற்கு அவ்விரண்டும் உரிமம் வழங்கியதில்லை. மற்றொரு சோதனையும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் நூற்றுக்கு ஒன்று வரியாகப் பிடித்தம் செய்யப்பட வேண்டும். சிறு தொகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெருந்தொகைக்கு விற்றும் வருமான வரிக் கணக்கில் இப்பிடித்தம் தோன்றவில்லையாயின், அந்நிறுவனம் நம் சட்டத்தை மதித்து நடக்கிறதா என்று ஐயுறுவதில் தவறில்லை. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள உறவினர், “எங்கள் நாட்டில் உரிமம் பெற்றது” என்று உறுதி கூறக்கூடும். அவர் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அவ்வுரிமம் இந்தியாவில் பெற வேண்டிய பதிவுக்கு ஈடாகாது.

இத்தனையும் பார்த்துப் பதிவு உண்டு என்று கண்டபின்னும் ஒன்று மிஞ்சுகிறது. பதிவு என்பது கறுப்புப் பணத்தைத் தடுக்க ஏற்பட்டது. நம் பணத்தைக் காக்க ஏற்பட்டதன்று. கூட்டுறவு வங்கி உட்பட வங்கியில் போட்ட வைப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. (நம் தொடக்கச் சங்கங்களின் வைப்புக்கு அக்காப்பு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.) பரிமாற்றகத்தில் உள்ள நாணயத்திற்கு அத்தகைய காப்புறுதி ஏதும் கிடையாது. 2024 ஜூலை 18-ஆம் நாள் வசீர்எக்ஸ் என்னும் இந்தியப் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. கணக்குகள் முடக்கப்பட்டன, தீர்வுத் திட்டமோ சிங்கப்பூர் நீதிமன்றத்தின் முன் சென்றது. வியாபாரம் மீண்டும் தொடங்கியது 2025 அக்டோபரில்தான். அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், அப்பரிமாற்றகத்தின் வாடிக்கையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து. அதைப் பிறர்பொருட்டு நம்பிக்கையாக வைத்திருக்கவும் இயலும் என்று கூறி இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. அது பெரிய ஆறுதல்தான். ஆயினும் வழக்காடும் வசதி முப்பத்தெட்டாயிரம் போட்டவனுக்கு ஏது?

அந்த இளைஞனும் நானும் அன்று மாலை ஒப்பந்த விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினோம். கம்பெனியின் பெயர் ஓரிடத்தில் இருந்தது. நாட்டின் பெயர் எங்கும் இல்லை. பதிவு விவரம் கேட்டு எழுதியதற்கு, ‘உலகெங்கும் நம்பிக்கைக்கு உரியவர்கள் நாங்கள்’ என்று மறுமொழி வந்தது. உடனே ஐந்நூறு ரூபாயை மட்டும் வங்கிக் கணக்கிற்குத் திருப்பி எடுக்குமாறு அவனிடம் சொன்னேன். சிறு தொகை திரும்பி வந்தாலும் அது நம்பிக்கைக்குச் சான்றாகாது. மேலும் பணம் போடச் செய்யும் பொருட்டு முதலில் சிறிது திருப்பித் தருவாரும் உளர். மீதியையும் உடனே எடுத்துவிட வேண்டும். பணத்தை விடுவிக்க ‘முன்வரி’ அல்லது ‘கட்டணம்’ செலுத்துமாறு கேட்டால், ஒரு காசும் கட்டாமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசியில் புகார் செய்ய வேண்டும் என்றும் கூறினேன்.

ஐந்நூறு ரூபாய் மூன்றாம் நாள் வந்தது. மீதிக்கு விண்ணப்பம் கொடுத்துப் பதினொரு நாட்கள் ஆகின்றன. தந்தை நாள்தோறும் நூல் வாங்க வரும்பொழுது, “ஏதாவது வந்ததா?” என்று மகனைக் கேட்பதற்குப் பதிலாக என்னைக் கேட்கிறார்.