சாவி வாங்கும் முன் காகிதம் படிப்போம்



ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த பணத்தை நம்மில் பலர் ஒரே நாளில் ஒரு வீட்டில் போடுகிறோம். அந்த ஒரு நாளில் எதைப் பார்க்க வேண்டும்? எதைப் படிக்க வேண்டும்? எப்படிக் கணக்குப் போட வேண்டும்? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. இட்லிக்கார அக்கா

ஐரோலியில் எங்கள் வகுப்புக்கு ஒரு அக்கா வருவார். தாராவியில் பிறந்தவர். கல்யாணம் ஆகி ஐரோலிக்கு வந்தார். காலை நான்கு மணிக்கு எழுந்து இட்லி அவிப்பார். அவர் வீட்டுக்காரர் அதைச் சைக்கிளில் வைத்துத் தெருத் தெருவாக விற்பார். பதினான்கு ஆண்டு உழைப்பில் ஒன்பது லட்சம் ரூபாய் சேர்த்தார்கள்.

ஒரு நாள் தெரிந்த புரோக்கர் ஒருவர் வந்தார்.

"அக்கா, திகா பக்கம் ஒரு ரூம் இருக்கு. பன்னிரண்டு லட்சம்தான். ஒன்பதை இப்போ கொடுங்க. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. வாடகைக்கு விட்டா மாசம் ஆறாயிரம் வரும்" என்றார்.

அக்கா நம் வகுப்பில் படித்த கணக்கைப் போட்டார்.

மாதம் 6,000. ஆண்டுக்கு 72,000. போட்ட பணம் 12,00,000. அப்படியானால் நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு ஆறு ரூபாய்.

"நல்ல வருமானம்தானே, தம்பி?" என்று என்னைக் கேட்டார். இருபதாயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

நான் சொன்னேன்: "கணக்கு சரி அக்கா. காகிதத்தைக் கொண்டு வாங்க. எல்லோரும் சேர்ந்து படிப்போம்."

2. காகிதத்தில் என்ன இருந்தது?

மறுநாள் காகிதம் வந்தது. முத்திரைத்தாள். மூன்று பக்கம். கடைசியில் நோட்டரி முத்திரை. எல்லாம் மராத்தியில் இருந்தது.

அக்காவின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு மராத்தி வரும். அவள் வாசித்தாள். நான் தமிழில் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பில் எல்லோரும் படித்தார்கள்.

பெயர் இருந்தது. தொகை இருந்தது. ரூம் எண் இருந்தது. ஆனால் நான்கு கேள்விகளுக்குப் பதில் இல்லை. அந்த நான்கு கேள்விகளை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: நிலம் யாருடையது?

நவி மும்பையைத் திட்டமிட்டு உருவாக்க 1970-இல் சிட்கோ என்ற அரசு நிறுவனம் ஏற்பட்டது. ஐரோலியில் நிறைய நிலம் சிட்கோ குத்தகைக்கு ஒதுக்கிய நிலம். பக்கத்தில் எம்.ஐ.டி.சி. என்னும் தொழிற்பேட்டை நிலமும் உண்டு. பழைய கிராமத்து நிலமும் உண்டு. கிராமத்து நிலத்துக்குச் 'சாத் பாரா' என்னும் ஏழு-பன்னிரண்டு பத்திரம் இருக்கும். அதில் நிலத்தின் சொந்தக்காரர் பெயர் இருக்கும். சிட்கோ நிலத்தில் உள்ள வீடு கைமாறும்போது சிட்கோவின் அனுமதியும் கட்டணமும் பற்றி முதலில் விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: கட்ட அனுமதி உண்டா? குடியேற அனுமதி உண்டா?

கட்டத் தொடங்க ஓர் அனுமதி வேண்டும். அது சி.சி. கட்டி முடித்தபின் குடியேற ஓர் அனுமதி வேண்டும். அது ஓ.சி. தமிழில் 'ஓசி' என்றால் இனாம். ஆனால் இந்த ஓ.சி. இனாமாக வராது. விதிப்படி கட்டினால்தான் வரும். இப்படி நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது.

மூன்றாம் கேள்வி: பத்திரம் பதிவு ஆகுமா?

நோட்டரி முத்திரை வேறு. சப்-ரிஜிஸ்திரார் அலுவலகப் பதிவு வேறு. கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்கு நோட்டரி சாட்சி. அந்த முத்திரையால் வீடு உங்களுக்குச் சொந்தம் ஆகாது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலம் விற்பனையைப் பதிவு செய்ய வேண்டும். "பதிவு வேண்டாம், நோட்டரி போதும்" என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

நான்காம் கேள்வி: வங்கி கடன் தருமா?

அந்த வீட்டுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தால், காகிதத்தில் ஏதோ குறை இருக்கலாம். வங்கி கடன் தந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் முடிவு கட்டக் கூடாது. வங்கி தன் பணத்துக்குத்தான் முதலில் காவல் பார்க்கும்.

"கரண்ட் பில் இருக்கே? வீட்டு வரி ரசீது இருக்கே?" என்று அக்கா கேட்டார். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த ரசீதுகள் பணம் கட்டியதற்குத்தான் சான்று. கட்டடம் சட்டப்படி கட்டப்பட்டது என்பதற்கு அவை சான்று ஆகா.

3. திகாவில் நடந்தது

திகா ஐரோலிக்கு அருகில் உள்ளது. அங்கே அரசு நிறுவனங்களின் நிலத்தில் அனுமதி இல்லாமல் பல கட்டடங்கள் எழுந்தன. வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 99 கட்டடங்கள் சட்ட விரோதமானவை என்று கணக்கு வந்தது. 2015-இல் இடிக்கும் வேலை தொடங்கியது.

அந்த வீடுகளில் இருந்தவர்களில் பலர் கூலி வேலை செய்பவர்கள். கையில் இருந்த பணத்தைக் கொடுத்து வாங்கியவர்கள். அவர்களிடமும் காகிதம் இருந்தது. ரசீதும் இருந்தது. மண்ணை அள்ளிக் கொட்டும் இயந்திரம் வந்து நின்றபோது அந்தக் காகிதம் உதவவில்லை. விற்றவர் பணத்தோடு போய்விட்டார். வாங்கியவர் தெருவில் நின்றார்.

மலிவு என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேச வேண்டும்.

4. வருமானக் கணக்கு

காகிதம் சரியாக உள்ள வீட்டுக்கும் கணக்குப் போடுவோம். இது பழகுவதற்கான கணக்கு. உங்கள் பகுதி விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

வீட்டு விலை: 40,00,000 ரூபாய்.

முத்திரைக் கட்டணம் 7 சதவீதம் என்று வைத்தால்: 2,80,000.
பதிவுக் கட்டணம்: 30,000.
புரோக்கர் கமிஷன்: 40,000.
மாற்றுக் கட்டணம், வக்கீல், மற்ற செலவு: 50,000.

மொத்தம்: 44,00,000 ரூபாய்.

மகாராஷ்டிராவில் பெண் பெயரில் மட்டும் வீடு வாங்கினால் முத்திரைக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். பெண் பெயரில் சொத்து இருப்பது குடும்பத்துக்கும் பலம்.

இப்போது வரவு. மாத வாடகை 12,000. ஆண்டுக்கு 1,44,000.

இதில் கழிக்க வேண்டியவை:
சொசைட்டி பராமரிப்பு: 24,000.
வீட்டு வரி: 6,000.
பழுது பார்த்தல்: 6,000.
ஆள் இல்லாமல் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால்: 12,000.

மொத்தச் செலவு 48,000. கையில் நிற்பது 96,000.

44 லட்சம் போட்டு 96,000. நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் சொச்சம்.

பணத்தில் 30 லட்சம் வங்கிக் கடன் என்று வைப்போம். வட்டி 9 சதவீதம். இருபது ஆண்டு. மாதத் தவணை சுமார் 27,000 வரும். வாடகையில் மாதம் 8,000 தான் மிஞ்சும். மீதி 19,000 ரூபாயை மாதாமாதம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் படுத்தாலும் தவணை காத்திருக்காது.

"அப்புறம் ஏன் எல்லோரும் வீடு வாங்குறாங்க?" என்று வகுப்பில் ஒரு அண்ணன் கேட்டார்.

விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். ஐரோலியில் விலை ஏறியதும் உண்மை. 1999-இல் முலுண்டிலிருந்து ஐரோலிக்குப் பாலம் திறந்தது. 2004-இல் தானே - வாஷி பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு பெரிய கம்பெனி அலுவலகங்கள் வந்தன. வேலை வந்தது. வாடகைக்கு ஆள் வந்தது. விலை ஏறியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விலை ஏறுவது பெரும்பாலும் நிலத்துக்கு. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழையதாகிறது. நேற்று ஏறியது நாளையும் அதே வேகத்தில் ஏறும் என்று யாரும் உறுதி தர முடியாது. அவசரத்துக்கு ஒரே வாரத்தில் வீட்டை விற்கவும் முடியாது.

குடியிருக்க வாங்கும் வீடு வேறு. லாபத்துக்கு வாங்கும் வீடு வேறு. குடியிருக்க வாங்கினால் வாடகை மிச்சம். வீட்டைக் காலி செய் என்ற பேச்சு இல்லை. அந்த நிம்மதிக்கும் ஒரு மதிப்பு உண்டு. லாபத்துக்கு வாங்கினால் கணக்கு மட்டுமே பேச வேண்டும்.

5. இடத்துக்கு ஒரு கவனம்

தாராவி: குடிசை ரூம் வாங்குபவர்கள் மறுசீரமைப்பில் வீடு கிடைக்கும் என்று எண்ணி வாங்குகிறார்கள். தகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 என்ற தேதி முக்கியமானது. இலவச வீட்டுக்கு, அதற்கு முன்பிருந்தே அந்த ரூம் இருந்ததற்குச் சான்று வேண்டும். தரைத் தளத்துக்கும் மேல் மாடிக்கும் உரிமை ஒன்றல்ல. குடிசை மாற்றுத் திட்டத்தில் கிடைத்த வீட்டைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கத் தடையும் உண்டு. அனுமதி இல்லாமல் வாங்கினால் வாங்கியவருக்கே நஷ்டம்.

மாட்டுங்கா: இங்கே பழைய கட்டடங்களில் 'பகடி' முறை உண்டு. பெரிய தொகை கொடுப்போம். ஆனால் சொந்தக்காரர் ஆக மாட்டோம். குடித்தன உரிமை மட்டுமே கிடைக்கும். மாத வாடகை குறைவு. வேறு ஒருவருக்கு மாற்றும்போது கட்டட உரிமையாளருக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். கட்டடத்தின் வயதையும் கூரையையும் தூணையும் பார்க்க வேண்டும்.

செம்பூர்: பழைய சொசைட்டிகளை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கட்டி முடிக்கும்வரை பில்டர் வாடகை தருவதாகச் சொல்வார். வேலை நின்றால் வாடகையும் நிற்கும். கோரேகாவில் பத்ரா சால் என்ற இடத்தில் 672 குடும்பங்கள் இருந்தன. 2008-இல் மறுகட்டுமான ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தக் குடும்பங்கள் பத்து ஆண்டுக்கு மேல் வீட்டுக்காகக் காத்திருந்தன.

6. புதுக் கட்டடம் என்றால்

2016-இல் மத்திய அரசு வீடு வாங்குபவர்களைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. சுருக்கமாக 'ரேரா' என்பார்கள். மகாராஷ்டிராவில் 2017 முதல் 'மகாரேரா' என்ற அமைப்பு செயல்படுகிறது. அதன் முக்கிய விதிகள் இவை:

* 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் எட்டுக்கு மேற்பட்ட வீடுகளும் உள்ள திட்டத்தைப் பதிவு செய்த பிறகே விற்கலாம்.
* ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.
* வாங்கியவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும்.
* கார்பெட் ஏரியா, அதாவது சுவருக்குள் நாம் புழங்கும் இடம் எவ்வளவு என்று சொல்லி விற்க வேண்டும்.
* வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் சரி செய்து தர வேண்டும்.

மகாரேரா பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை மகாரேரா இணையதளத்தில் போட்டால் திட்டத்தின் விவரம் வரும். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அருகில் அமர்ந்து நீங்களும் படியுங்கள்.

7. அக்கா என்ன செய்தார்?

அக்கா மகளை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். கட்டடத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். அனுமதி இல்லாத கட்டடம் என்று பதில் வந்தது.

அக்கா ரூம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்பணம் இருபதாயிரத்தில் பத்தாயிரம்தான் திரும்பி வந்தது. மீதிப் பணத்தை இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டார். ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை டிபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. அதனால்தான் பிரித்தார்.

சில மாதம் கழித்து அக்கா வகுப்பில் சொன்னார்: "தம்பி, அந்த ரூமை வேற ஒரு குடும்பம் வாங்கிட்டாங்க. கட்டடம் அப்படியேதான் நிக்குது. வாடகையும் வருதாம். நான்தான் ஏமாந்துட்டேனோ?"

வகுப்பில் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பாட்டி சொன்னார்: "அது நாளைக்கும் நிக்கலாம். பத்து வருஷமும் நிக்கலாம். ஆனா ஒரு நாள் நோட்டீஸ் வந்தா, உன்கிட்ட இன்னொரு ஒன்பது லட்சம் இருக்காடி?"

அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

இதுதான் ஆபத்தை எடை போடும் முறை, நண்பர்களே. ஆபத்து என்றால் கட்டாயம் நடக்கும் என்று பொருள் அல்ல. நடந்தால் நம்மால் தாங்க முடியுமா என்று கேட்க வேண்டும். பத்து வீடு உள்ளவர் ஒன்றை இழந்தாலும் பிழைத்துக்கொள்வார். நமக்கு இருப்பது ஒரே பானை. அதை விரிசல் விட்ட அடுப்பில் ஏற்றக் கூடாது.

அக்கா இன்றும் வீடு தேடுகிறார். இப்போது யாராவது ரூம் பற்றிச் சொன்னால் அவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. "ஓ.சி. இருக்கா?" என்றுதான் கேட்கிறார்.

பயிற்சி

அ. படித்துப் பதில் எழுதுக.
1. நோட்டரி முத்திரைக்கும் பதிவுக்கும் என்ன வேறுபாடு?
2. ஓ.சி. என்பது என்ன?
3. அக்கா பணத்தை ஏன் இரண்டு வங்கிகளில் போட்டார்?

ஆ. கணக்குப் போடுக.
ஒரு வீட்டுக்கு மொத்தச் செலவு 25,00,000 ரூபாய். மாத வாடகை 8,000. ஆண்டுச் செலவு 21,000. நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு எவ்வளவு வருமானம்?
(விடை: 3 ரூபாய்)

இ. செய்து பார்க்க.
நீங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, தெரிந்தவர் துணையோடு வாசியுங்கள். மகாராஷ்டிராவில் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகி இருக்க வேண்டும். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.