கூட வந்தவரைக் கேள்

அன்புள்ள தம்பி,

கட்டடக் கலை முடித்துவிட்டு முதல் வேலையே ஆஸ்பத்திரி, அதுவும் திருச்சிப் பக்கம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்றும் கேட்டிருக்கிறாய். அது பெரிய வித்தையில்லை. ஷாமியானா, மைக், டீ இருந்தால் கூட்டம் நடந்துவிடும். முன்வரிசைப் பெரியவர்களுக்குச் சால்வை போடுவார்கள். ஸ்கேன் வேண்டும், பெரிய டாக்டர் வேண்டும் என்று நாலு பேர் பேசுவார்கள். கையெழுத்து வாங்கி ஃபைலில் சேர்த்துவிடலாம். ஆனால் அதற்குள் பிளான் முடிந்து எஸ்டிமேட்டும் மேலே போயிருந்தால் யார் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது?

கோடு போடுவதற்கு முன்னால் போய்க் கேள். 'என்ன வேண்டும்?' என்று கேட்டால் 'எல்லா வசதியும் வேணும் சார்' என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு சுவர்கூட வரைய முடியாது. 'போன தடவை வந்தப்போ என்ன நடந்துச்சு?' என்று கேட்டுப் பார். சீட்டு எங்கே வாங்கினார்கள், மாத்திரைக்கு எங்கே நின்றார்கள், ராத்திரி எங்கே படுத்தார்கள் எல்லாம் வரிசையாக வரும். அதுதான் உன் வரைபடத்துக்கான சரக்கு.

யாரைக் கேட்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு நோயாளி திருச்சிக்கு வந்தால் கூடவே இரண்டு மூன்று பேர் வருவார்கள். கையில் பாய், தூக்குவாளி, பிளாஸ்க், கட்டைப்பை. நோயாளிக்குக் கட்டில் இருக்கும். இவர்களுக்குப் பிளானில் இடமே இருக்காது. வராந்தாவில் படுப்பார்கள், ஜன்னல் கம்பியில் சேலை காயப்போடுவார்கள், வாட்ச்மேன் விரட்டுவார். கட்டில் எண்ணிக்கையை வைத்துக் கழிப்பறை கணக்குப் போட்டுவிட்டு, ஜனங்களுக்குச் சுத்தமில்லை என்று பேசுவது நம் தொழிலின் பழைய வழக்கம்.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் கதை தலைகீழ். பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பா அம்மா அடுக்குமாடியில். எழுபத்தைந்து வயதுக்காரர் ஆட்டோவில் தனியாக வந்து இறங்குவார். அவருக்காக வரிசையில் நிற்கவோ, செருப்பைப் பார்த்துக்கொள்ளவோ ஆள் கிடையாது. நடுவில் ஒரு பாலம்தான். அதற்குள் இரண்டு வேறு ஆஸ்பத்திரிகள் தேவைப்படுகின்றன. 'மக்கள்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதும்போது இதை நினைத்துக்கொள்.

பிரசவ அறையைப் பார். பிரசவத்தின்போது பெண்ணோடு ஒரு துணை இருக்கலாம் என்ற ஏற்பாட்டை 2004லேயே தமிழக அரசு மருத்துவமனைகளில் கொண்டுவந்தார்கள். நல்ல திட்டம். ஆனால் தடுப்பில்லாமல் கட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், ஒருத்தியின் அம்மா உள்ளே வந்தால் மற்றவளுக்கு மானப் பிரச்சினை. நர்ஸ் என்ன செய்வார்? எல்லோரையும் வெளியே அனுப்புவார். ஒரு தடுப்பும் ஒரு ஸ்டூலுக்கான இடமும் இல்லாமல் அரசாணை கதவோடு நின்றுவிடும். பிரசவம் பார்த்த நர்ஸையும், பெற்றவளையும், வெளியே நின்ற தாயையும் தனித்தனியாகக் கேட்டால்தான் இது தெரியும். மூவரையும் சேர்த்து உட்காரவைத்தால் நர்ஸ் மட்டும்தான் பேசுவார்.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் 1993இல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி தொடங்கிய மருத்துவமனை, ஊர்க்காரர்கள் கட்டிக்கொடுத்த குடிசையில்தான் ஆரம்பித்தது. கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்திலிருந்து 1990இல் வளர்ந்த மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸ்களானார்கள். இரண்டு இடத்திலும் நடந்ததைக் கருத்துக் கேட்பு என்று சொல்ல முடியாது. யாருடைய ஆஸ்பத்திரி என்பதே முதலில் முடிவாகிவிட்டது. பொதுப்பணித் துறை கட்டும் கட்டடத்தில் உனக்கு அந்த வாய்ப்பு கிடைக்காது. நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று காகிதத்தில் இருக்கும். அதன் கூட்டத்துக்காவது பிளானை எடுத்துக்கொண்டு போ.

ஸ்ரீரங்கத்துக்கு ஆஸ்பத்திரி புதுசு இல்லை, தெரியுமா? கோயிலுக்குள் ஆரோக்கியசாலை இருந்ததையும், கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்ததையும் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரி சன்னதி இன்றும் இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இன்னும் விவரமானது. பதினைந்து படுக்கை ஆதுலர் சாலைக்கு வைத்தியர் சம்பளத்தோடு மூலிகை கொண்டுவருபவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் வரை நெல் அளந்திருக்கிறார்கள். நீயும் ஆயாவையும் துப்புரவுப் பணியாளரையும் விட்டுவிடாதே. அழுக்குத் துணி எந்த வழியாகப் போகிறது, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்பது டீனுக்குத் தெரியாது.

ஸ்ரீரங்கம் தீவில் கட்டுவதாக இருந்தால் வயசானவர்களிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேள். 1977லும் 2005லும் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கையாலேயே காட்டுவார்கள். ஜெனரேட்டரை எந்த மட்டத்தில் வைப்பது என்பதற்கு அது போதும். தீவுக்கு வரும் வழியையும் விசாரி. 1928இல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் விழுந்தது. காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022-23இல் மாதக்கணக்கில் மூடினார்கள். வைகுண்ட ஏகாதசிக்கும், சித்திரை வீதியில் தேர் ஓடும் நாளிலும் ஆம்புலன்ஸ் எப்படி நுழையும்? 108 டிரைவரிடமும் அம்மா மண்டபம் ஆட்டோ ஸ்டாண்டிலும் கேட்டால் பதில் கிடைக்கும்.

பிளானைக் காட்டும்போது காகிதத்தைக் காட்டாதே. படித்தவர்களுக்கே கட்டட வரைபடம் பிடிபடாது. மனையில் சுண்ணாம்புப் பொடியால் வார்டை முழு அளவில் கோடு போடு. கட்டில் இருக்கும் இடத்தில் பெஞ்சைப் போட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொல். திரும்ப முடியாமல் இடித்தால் அங்கேயே கோட்டை அழித்து மாற்று. ஆபரேஷன் தியேட்டர், எக்ஸ்ரே அறைச் சுவர், தீயணைப்புப் படிக்கட்டு போன்றவை உன் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை. முதலிலேயே அதைச் சொல்லிவிடு. எதை மாற்றலாம் என்பதை மட்டும் கேள்.

கேட்டதில் எதைச் சேர்த்தாய், எதை விட்டாய், ஏன் விட்டாய் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு அதே ஆட்களிடம் திரும்பப் போ. திட்டுவார்கள், வாங்கிக்கொள். அடுத்த வாரம் ஏதாவது ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போவதானால் காலை ஓ.பி. நேரத்தில் போகாதே. ராத்திரி பத்து மணிக்கு மேல் போ. பாய் விரித்தவர்கள் பேச நேரம் வைத்திருப்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்