குறைந்த செலவில் நிறைந்த ஒளி
(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

குண்டடம் வட்டாரத்தில் பி.ஏ.பி. வாய்க்கால் பாசனம் உள்ளவர்களுக்கு இரவு, பகல் என்ற வேறுபாடு கிடையாது. முறைத் தண்ணீர் நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தால் அப்போதுதான் மடை திருப்ப வேண்டும். சென்ற ஐப்பசியில் அப்படிப் போன எங்கள் அப்பாரு, வரப்பில் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியனைக் காலுக்கு ஒரு முழ தூரத்தில்தான் பார்த்தார். கையில் பேட்டரி லைட் இருந்தது. கட்டை தேய்ந்து, வெளிச்சம் மஞ்சளாகிப் போயிருந்தது. மறுநாள் என்னிடம், "அப்புனு, காலேசுல வெளிச்சத்தைப் பத்தித்தானே படிக்கறே? முன்னூறு ரூபாய்க்குள்ள நல்ல லைட்டு ஒண்ணு பண்ணிக் குடு பாக்கலாம்" என்றார். மூன்றாண்டு படிப்பில் எனக்கு வைக்கப்பட்ட கடினமான வினாத்தாள் அதுதான்.

முதலில் பழைய விளக்கின் கணக்கைக் காண்போம். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். பல்பின் மேல் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்திருக்கும். இரண்டையும் பெருக்கினால் திறன் 0.75 வாட். இழைப் பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமென் ஒளிதான் தரும். மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, நாம் பெறுவது ஏழெட்டு லூமென். எல்.இ.டி.யோ ஒரு வாட்டுக்கு 100 லூமென் அளவில் தருகிறது. வெள்ளை எல்.இ.டி.க்கு அடிப்படை நீல எல்.இ.டி.; அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

அப்படியானால் கடையில் எல்.இ.டி. விளக்கு ஒன்றை வாங்கிவிட்டால் போதாதா? நானும் அப்படித்தான் எண்ணினேன். பெட்டியின் மேல் 50,000 லூமென் என்று அச்சிட்டிருந்தது. வாட்டுக்கு 100 என்று வகுத்துப் பாருங்கள்: 500 வாட் வருகிறது! உள்ளங்கையில் அடங்கும் குழாய் அத்தனை வெப்பத்தைத் தாங்குமா? உள்ளே இருந்த லித்தியம் கட்டையில் 9800 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. 18650 எனப்படும் அவ்வகைக் கட்டை 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உடையது. நல்ல தயாரிப்பிலேயே கொள்ளளவு 3500 அளவில்தான் இருக்கும். எடை சுமார் 45 கிராம். நம் ஆய்வகத் தராசில் இது 28 கிராம் காட்டியது. பாதி வெற்றுக் கூடு. விலைக்குத் தக்க ஏமாற்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்; அப்பாருவிடம் மட்டும் சொல்லவில்லை.

பிறகு பரணிலிருந்த பழைய அலுமினிய விளக்கையே எடுத்தேன். அதன் ரிஃப்ளெக்டர் கிண்ணம் அகலமானது. ஒளி எவ்வளவு தூரம் பாயும் என்பது மொத்த லூமெனை மட்டும் பொறுத்ததன்று; ஒளிமூலம் சிறியதாகவும் கிண்ணம் பெரியதாகவும் இருந்தால் கற்றை குறுகித் தொலைவுக்குச் செல்லும். புதிய மலிவு விளக்குகளில் பலவும் இங்கேதான் தோற்கின்றன.

நல்ல தயாரிப்பில் 2500 கொள்ளளவுள்ள லித்தியம் கட்டை ஒன்று, 3 வாட் எல்.இ.டி. ஒன்று, 1 ஓம் மின்தடை ஒன்று, மொபைல் சார்ஜரில் இணைக்கக்கூடிய சார்ஜிங் போர்டு ஒன்று: எல்லாம் முந்நூறுக்குள் அடங்கின. எல்.இ.டி.க்குச் சுமார் 3.3 வோல்ட் வேண்டும். இரண்டு சாதாரணக் கட்டைகளின் 3 வோல்ட் அதற்கு எட்டாது, லித்தியத்தின் 3.7 வோல்ட் பொருந்துகிறது. கட்டை 4 வோல்ட்டில் இருக்கும்போது மின்தடையில் விழுவது 0.7 வோல்ட், ஆகவே மின்னோட்டம் 0.7 ஆம்பியர். அந்தச் சிறு போர்டு பாதுகாப்புச் சுற்று உள்ளதாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனாலோ, முனைகள் குறுக்காகத் தொட்டுக்கொண்டாலோ லித்தியம் தீப்பற்றும். இதில் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எல்.இ.டி.யை ஓர் அலுமினியத் துண்டின் மேல் பொருத்தி, வெப்பம் உடற்குழாய்க்குப் போகும்படி அமைத்தேன். மெலிந்த லித்தியக் கட்டை அகன்ற குழாய்க்குள் ஆடியது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் கொண்டுவந்த காலி நூல் கோனின் அட்டையை வெட்டிச் சுற்றினேன், கச்சிதமாக அமர்ந்தது. எல்.இ.டி.யைக் கிண்ணத்தின் குவியத்தில் நிறுத்தத்தான் மூன்று மாலைகள் ஆயின. ஒரு மி.மீ. முன்பின் போனாலும் நடுவில் கருவட்டம் விழுகிறது.

இனி அளவீடு. செல்போனின் ஒளி உணர்வியைக் கொண்டு, இருட்டறையில் 5 மீட்டரில் அளந்தேன். புதுக் கட்டை போட்ட பழைய விளக்கு 12 லக்ஸ். புதியது 130 லக்ஸ். தூரத்தின் இருமடியாகிய 25ஆல் பெருக்கினால் 300, 3250 கேண்டெலா. முழுநிலவின் ஒளியளவாகிய கால் லக்ஸாக ஒளி குறையும் இடத்தையே விளக்கின் எல்லை என்று கொள்வது வழக்கம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் அத்தூரம் மீட்டரில் கிடைக்கும்: பழையதற்கு 35, புதியதற்கு 114. செறிவு ஏறத்தாழ 11 மடங்கு உயர்ந்தும் தூரம் மும்மடங்கை ஒட்டியே உயர்ந்தது. வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த எதிர்த்தகவு இருமடி விதி இதுவே.

பெருமையுடன் அப்பாருவிடம் கொடுத்தேன். தோட்டத்துக் கடைசிப் பனைமரம் வரை அடித்துப் பார்த்தார். "பாம்பு பனைமரத்துலயா படுத்திருக்குது? காலடியில ஒண்ணுந் தெரியலையே" என்றார்.

உண்மைதான். தொலைவுக்குப் பாயும் குறுகிய கற்றை காலடியைக் கைவிட்டுவிடுகிறது. பளீரென்ற நடுப்பொட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதைச் சுற்றியுள்ள இடம் மேலும் இருளாகத் தோன்றுகிறது. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பால்நிற பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டினேன். 5 மீட்டரில் 60 லக்ஸாகக் குறைந்தது. எட்டும் தூரம் 77 மீட்டர். ஆனால் காலைச் சுற்றி நான்கடி அகலத்துக்கு மண்கட்டி கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அடுத்த முறைத் தண்ணீருக்கு அந்த விளக்கைத்தான் எடுத்துப் போனார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் தம் பழைய விளக்கை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார். அதன் கிண்ணம் துருப்பிடித்திருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று நண்பர்கள் யாருக்கேனும் தெரிந்தால் சொல்லுங்கள்.