மீந்த மருந்து எங்கே இருக்கிறது?



மஞ்சளுக்கும் கரும்புக்கும் அடித்தது போக மீந்த பூச்சி மருந்து உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? கொடுமுடி வட்டாரத்துக் கிராமங்களில் இதைக் கேட்டால், "சாளையில தானுங்க, எரவாணத்துல சொருகி வெச்சிருக்கு" என்பார்கள். வயசுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேச வேண்டிய சங்கதி இது.

நம் நாட்டில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முக்கியமான காரணங்களில் தற்கொலையும் ஒன்று. பரீட்சை, காதல், கடன், குடிகார அப்பா என்று பல பாரங்கள் மனதில் சேர்ந்திருக்கும். அதன் மேல் ஒரு நாள் ஒரு சண்டை வரும். அந்த வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அப்படித் தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு நன்றாகவே வாழ்கிறார்கள். "விதி இருந்தா யார் தடுக்க முடியும்?" என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

நம் காவிரி கீழே போய்க் கொள்ளிடமாகப் பிரிந்து, அந்தத் தண்ணீரில் வீராணம் ஏரி நிறைகிறது. அந்தப் பக்கம் காட்டுமன்னார்கோயில் தாலுகாவில் இரண்டு கிராமங்களில் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். சென்னையில் 1986-ல் தொடங்கிய சினேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஊராரிடம் பேசி, மருந்து வைக்கப் பொதுவான ஒரு கட்டிடம் ஏற்பாடு செய்தார்கள். விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் பெட்டி, பார்த்துக்கொள்ள ஆள். மருந்து வீட்டுக்குப் போகவில்லை. விவசாயிகள் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்றும், மருந்தால் நேரும் சாவு குறைந்தது என்றும் 2013-ல் வெளியான அறிக்கை சொல்கிறது. சிறிய முயற்சிதான், ஆனால் ஊர் சேர்ந்து செய்தது.

இலங்கையில் அனுராதபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். பலன் கிடைக்கவில்லை என்று 2017-ல் தெரிந்தது. சாவி எங்கே இருக்கிறதென்று வீட்டாருக்குத் தெரியாதா, என்ன? அதே இலங்கையில் 1995 முதல் மிகக் கொடிய மருந்துகளைக் கடையிலிருந்தே எடுத்ததும், பத்து வருடத்தில் தற்கொலை ஏறக்குறையப் பாதியானது. ஆகையால் பூட்டைவிடத் தூரம் நல்லது. தேவைக்கு மட்டும் வாங்குங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாலைந்து பேர் சேர்ந்து, வீட்டுக்கு அப்பால் ஓர் அறையை ஏற்பாடு செய்து பொறுப்பான ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். வாசல் தெளிக்கச் சாணிப் பவுடர் வாங்க வேண்டாம். மாட்டுச் சாணம் போதும்.

பேச்சும் வேண்டும். நம் ஊர் அப்பாக்கள் பிள்ளையிடம் பேசுவதே குறைவு. சோறு இறங்காமல், தூங்காமல், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று பிள்ளை சொன்னால், "சும்மா மிரட்டறான்" என்று விட்டுவிடாதீர்கள். "ஏங் கண்ணு, உசுர மாய்ச்சுக்கலாம்னு நெனப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. திட்டாமல் கேளுங்கள், தனியே விடாதீர்கள். பிளஸ் டூவில் தவறினால் உடனே துணைத் தேர்வு உண்டு, முன்போல் ஒரு வருடம் வீணாவதில்லை என்பதை ரிசல்ட் வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்யலாம், காசில்லை, 104-ம் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லலாம்.

விஷம் குடித்துவிட்டது தெரிந்தால் சாணித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதனால் கெடுதலே அதிகம். 108-ஐக் கூப்பிடுங்கள், மருந்துப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து நேரம் கடத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்கிறது, பொதுவாகத் தண்டிப்பதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள் மிகவும் கவனம் தேவை. சொந்தபந்தம் வந்து விசாரணை நடத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி கூட்டிப் போங்கள். பிள்ளை வீடு வந்து சேருமுன், சாளையில் இருப்பதை அப்புறப்படுத்தி விடுங்கள்.